செலோடேப்

கல்லுக்கட்டி மேற்கில் என் கடையில்
ஓடுகிற வி.சி.ஆர். ஒன்றுதான் மிச்சம்.
அதற்கும் இரவல் உறுப்புகள்.
ஹெட், திருமயத்தில் செத்துப்போன ஒரு மெஷினுடையது.
பெல்ட், சென்னையிலிருந்து கூரியரில் வந்தது.
மேல்மூடி கிடையாது.
திறந்த வயிற்றோடு வேலை பார்க்கிறது.

வி.சி.டி.க்களை டீ கிளாசுக்கு அடியில் வைக்கிறேன்.
டி.வி.டி. ரைட்டரை எடைக்குப் போட்டாயிற்று.
டிசம்பரோடு ஏறக்கட்டிவிடலாம் என்றிருந்தபோதுதான்
பள்ளத்தூரிலிருந்து உமையாள் ஆச்சி வந்தார்,
ஒரு கேசட்டும் வக்கீல் சீட்டுமாக.

"சாமான் பரப்பிய பகுதி மட்டும்.
பென்டிரைவில். சான்றிதழோடு.
சி.டி. வேண்டாம்,
கோர்ட்டு கம்ப்யூட்டரில் அதற்கு வாய் இல்லை."

வழக்கு தேவகோட்டையில்.
வீட்டுக்காரர் போன மறு வருஷமே
வெள்ளியெல்லாம் பொது என்கிறார்களாம் கொழுந்தன்மார்.
"எங்க அப்பச்சி வச்சது தம்பி.
எண்ணி எண்ணி வீடியோ எடுத்தாக."

நாடாவில் பூஞ்சை,
கோலப்பொடிக் கையை உதறியதுபோல.
ஸ்பிரிட்டும் பஞ்சுமாக இரண்டு நாள்.
மூன்றாம் நாள் ஓடியது.
தொண்ணூற்று மூன்று.
வளவு கொள்ளாத கூட்டம்.
கேமரா விளக்கு பட்டுக் கண்ணைச் சுருக்கும் மாப்பிள்ளை.
ஜமுக்காளத்தில் எவர்சில்வர், எவர்சில்வர், பித்தளை,
கேமரா மெல்லத் திரும்புகிறது,
ஒரு வெள்ளிக் குடத்தின் கழுத்து தெரிகிறது

அவ்வளவுதான்.
கோடு. பனி. ஒரு துள்ளல்.
பிறகு நீலத் திரைமுன் ஒரு பெண்
சத்தமே இல்லாமல், கைகளால்,
செய்தி வாசிக்கிறார்.

ஞாயிறு மதியம் டெல்லியிலிருந்து வருமே,
காது கேளாதோர்க்கு.
நாங்களெல்லாம் சோறு போட்டுக்கொள்ள
எழுந்துபோகிற நேரம்.

அடுத்த ஞாயிறும் அதுதான். அதற்கடுத்ததும்.
கேசட் தீரும்வரை கைகள்.

எடுத்து முதுகைத் திருப்பிப் பார்த்தேன்.
யாரும் அழித்துவிடக் கூடாதென்று
கேமராக்காரர் ஒடித்துவிட்டுப் போன பிளாஸ்டிக் பல்.
அந்த ஓட்டையின் மேல் செலோடேப்,
நகத்தால் அழுந்தத் தேய்த்து ஒட்டியது,
பழுத்து மஞ்சளாகி.
வேண்டுமென்று செய்த வேலை.
கொழுந்தன்மார் என்றே மனதில் எழுதிக்கொண்டேன்.

"நாந்தான் ஒட்டுனேன்" என்றார் ஆச்சி.

தேனம்மைக்கு அப்போது ஒன்றரை வயது.
பின்னால் தட்டு விழுந்தால் திரும்பவில்லை.
வீட்டுக்காரர் கோலாலம்பூரில்.
புதுக் கேசட் வாங்கக் காரைக்குடிக்கு வர வேண்டும்,
எதற்கு என்று கேட்பார்கள்,
சொல்ல வேண்டும்.
சொல்கிற தைரியம் வந்திருக்கவில்லை.
கையில் இருந்ததோ இது ஒன்று.

"ராத்திரி எல்லாரும் படுத்தப்பறம்
போட்டு நிறுத்தி, போட்டு நிறுத்திப் படிச்சேன்.
எனக்கு இந்தியும் தெரியாது.
மழைன்னு நெனச்சு நான் சொல்லிக்கொடுத்தது
மந்திரியாம்.
ரொம்ப நாள் கழிச்சு ஒரு டீச்சர் சொன்னாக.
எங்க வீட்ல இன்னக்கிம் மந்திரிதான் பெய்யிறாரு."

வாசலில் ஸ்கூட்டி மீட்டரில் போனைச் சாய்த்துவைத்து
முப்பது வயது தேனம்மை
யாருடனோ இரண்டு கையாலும்
சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கு என்ன செய்ய என்றேன்.
"குடத்துக் கழுத்து தெரியுதுல்ல?
அதுவரைக்கும் கோர்ட்டுக்கு.
மிச்சத்த எனக்குத் தனியாப் போடு."

மாற்றம் ஏதும் செய்யப்படவில்லை என்று
சான்றில் கையெழுத்துப் போட்டேன்.
என்னால் இல்லைதான்.

முதல் கோப்புக்குப் பெயர் கேட்டது கம்ப்யூட்டர்.
'வெள்ளி' என்று அடித்தேன்.
இரண்டாவதற்கு ஒன்றும் தோன்றவில்லை,
தேதியைப் போட்டேன்.
முந்நூறு கேட்டேன், ஆச்சி ஐம்பது குறைத்தார்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது.
கண்ணாடியைத் தட்டித் தேனம்மை
உள்ளே ஒரு கை காட்டினாள்.

"மந்திரி வாராரு" என்று
பையை எடுத்துக்கொண்டு எழுந்தார் ஆச்சி.